காவிரி டெல்டாவில் வெள்ளத்துக்கு முன் ஊர்த் திட்டம்: கடைமடையிலிருந்து தொடங்குங்கள்

ஜூன் மாதம் வந்தால் மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று கேட்கிறோம். ஐப்பசி பிறந்தால் வயலில் நிற்கும் தண்ணீர் எப்போது வடியும் என்று கேட்கிறோம். முதல் கேள்விக்கு ஊரே கூடிப் பேசுகிறது, மனு கொடுக்கிறது, மறியல் கூட நடக்கிறது. இரண்டாவது கேள்வி மட்டும் பயிர் மூழ்கிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது பொக்லைன் வந்தாலும் வடிகாலில் இறங்க முடியாது.

வெள்ளத் திட்டம் என்றால் அது அதிகாரிகள் வேலை என்று விட்டுவிட வேண்டாம். பெரிய ஆற்றையும் அணையையும் நீர்வளத் துறைதான் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் வயலிலிருந்து ஆறு வரை உள்ள மூன்று நான்கு கிலோமீட்டர் வடிகாலை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எந்த அலுவலகத்திலும் இல்லை. பயிர் பிழைப்பதும் அழுகுவதும் பெரும்பாலும் அந்த மூன்று நான்கு கிலோமீட்டரில்தான் முடிவாகிறது.

இரண்டு வகை வெள்ளம்

டெல்டாவுக்கு வரும் வெள்ளம் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணித் திட்டமிட்டால் இரண்டிலும் தவறு வரும்.

முதலாவது, ஆடி, ஆவணியில் கர்நாடகத்திலும் குடகு, வயநாடு பக்கத்திலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் வரும் ஆற்று வெள்ளம். மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுதும் வந்தால் அது 8.64 டி.எம்.சி. அணை ஏற்கெனவே நிறைந்திருந்தால் மேலே வருவது அப்படியே கீழே வரும். இந்த வெள்ளத்தின் பெரும்பகுதியை முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில் திருப்பி விடுகிறார்கள். ஆகவே இதன் அடி முதலில் விழுவது கொள்ளிடக் கரைக்குள் இருக்கும் படுகைகளிலும் திட்டுகளிலும்தான். வாழை, கரும்பு, காய்கறி, பூச்செடி எல்லாம் அங்கே ஒரே இரவில் போகும். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் போன்ற ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதி மதகுகள் உடைந்து போனதும் இப்படி ஒரு வெள்ளக் காலத்தில்தான்.

இந்த வெள்ளத்தில் ஒரு நல்லது உண்டு. முன்கூட்டியே தெரியும். ஜூன் 12-இல் மேட்டூரில் திறக்கும் தண்ணீர் வறண்ட ஆற்றில் ஊறிக்கொண்டே கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகிறது. வெள்ளக் காலத்தில் அதைவிட விரைவாக வரும், ஆனாலும் மோட்டாரைக் கழற்றவும், ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டவும், விளைந்த தாரை வெட்டவும் நேரம் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: மேட்டூர் வெளியேற்றத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதற்குக் கீழேதான் பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் சேருகின்றன. மூன்றும் சேர்ந்த பிறகு வரும் கணக்கு மாயனூர் கதவணையிலும் முக்கொம்பிலும் தெரியும். செய்தியில் கேட்க வேண்டிய எண் அதுதான்.

இரண்டாவது வகை, ஐப்பசி, கார்த்திகையில் நம் வயல் மேலேயே பெய்யும் வடகிழக்குப் பருவமழை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் டெல்டா முழுதும் சம்பா மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது கெடுத்தது மேட்டூர்த் தண்ணீர் அல்ல. பெய்த மழை வெளியே போக வழியில்லாமல் நின்றதுதான். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக் கடைமடைகளிலும், தஞ்சாவூரின் தாழ்வான பகுதிகளிலும் சம்பா, தாளடி அழிவதற்கு இதுவே முக்கியக் காரணம். இதற்கு இரண்டு நாள் முன்னறிவிப்பு வந்தாலும், வடிகால் அடைத்துக் கிடந்தால் அந்த இரண்டு நாளில் ஒன்றும் செய்ய முடியாது. கோடையில் செய்த வேலைதான் கை கொடுக்கும். இந்தக் கட்டுரையில் மீதி எல்லாம் இதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கணக்கு

10 சென்டிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். உங்கள் வடிகாலுக்குத் தண்ணீர் விடும் வயல்கள் எல்லாம் சேர்த்து 1,000 ஏக்கர் என்று வையுங்கள். 40 கோடி லிட்டர். மண் ஏற்கெனவே ஊறியிருக்கும் கார்த்திகையில் இதில் பெரும்பகுதி வெளியேறியே ஆக வேண்டும். ஒரே நாளில் வடிய வேண்டுமானால் வடிகாலில் வினாடிக்கு சுமார் 165 கன அடி ஓட வேண்டும். மூன்று நாள் எடுத்துக்கொண்டால் 55 கன அடி போதும்.

மூன்று நாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இலை நுனி தண்ணீருக்கு மேலே தெரிந்தால் நெல் தாக்குப்பிடிக்கும். முழுதாக மூழ்கினால், அதுவும் கலங்கல் தண்ணீரில் மூழ்கினால், சாதாரண ரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் மீள்வது கடினம். ஒரு மழை வடியும்முன் அடுத்த மழை வந்துவிடும் என்பதால் மூன்று நாளைக் குறியாக வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது உங்கள் வடிகாலைப் பாருங்கள். தண்ணீர் ஓடும்போது 30 அடி தூரத்தை அளந்து இரண்டு கம்பு நட்டு, ஒரு துண்டு வைக்கோலையோ தேங்காய் மட்டையையோ மிதக்கவிட்டு கைப்பேசியில் நேரம் பாருங்கள். 15 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு இரண்டடி. அகலம் 10 அடி, ஆழம் 3 அடி என்றால் மூன்றையும் பெருக்க 60. மேல்பரப்பில் ஓடுவதைவிட அடியில் மெதுவாக ஓடும் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். சுமார் 48 கன அடி. கொஞ்சம் சுத்தம் செய்தால் 55 வந்துவிடும் என்று தெம்பு வரும்.

அதே வடிகாலில் கொஞ்சம் கீழே நடந்து போனால், யாரோ வண்டி போவதற்குப் போட்ட ஒரு சிமெண்ட் குழாய்ப் பாலம் இருக்கும். இரண்டடி விட்டக் குழாய் ஒன்று முழுதாக ஓடினாலும் ஆறிலிருந்து ஒன்பது கன அடிதான் தாங்கும். பத்தடி அகலத்துக்குப் பொக்லைன் விட்டுத் தூர்வாரி, நடுவில் அந்த ஒற்றைக் குழாயை அப்படியே விட்டால், 1,000 ஏக்கரும் அந்தக் குழாய் வழியாகத்தான் வடியும். மூன்று நாளில் வடிய வேண்டியது இருபது நாள் நிற்கும். தூர்வாரியும் தண்ணீர் வடியவில்லை என்று சொல்லும் பல ஊர்களில் கதை இதுதான். மண் வெட்டியதற்குப் படம் எடுத்துக்கொள்வார்கள், குழாயை யாரும் எண்ண மாட்டார்கள்.

கீழே போய் மேலே வாருங்கள்

ஊர்த் திட்டத்துக்கு முதல் வேலை ஒரு நடை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தைப் பார்த்து உங்கள் ஊர் வடிகாலைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த ஊர் வழியாகப் போய் எந்த ஆற்றில் சேருகிறது என்று பாருங்கள். பிறகு ஆற்றில் சேரும் இடத்தில் தொடங்கி மேல் நோக்கி நடந்து வாருங்கள். வயதான இரண்டு பேரையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வீட்டுச் சுவரில் எந்த ஆண்டு தண்ணீர் எதுவரை வந்தது, எந்த இடத்தில் கரை உடைந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: குழாய்ப் பாலங்கள், அவற்றின் விட்டம், நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்த இடங்கள், கரையை வெட்டி வயலோடு சேர்த்த இடங்கள், துருப்பிடித்த ஷட்டர்கள், மெலிந்த கரை. ஷட்டர் சுற்றும் இரும்புக் கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதி வையுங்கள். மழை கொட்டும் இரவில் அந்தக் கைப்பிடியைத் தேடி ஓடுவது நம் பக்கத்தில் புதிதல்ல.

ஏன் கீழிருந்து தொடங்கச் சொல்கிறோம்? மேலே உள்ள ஊர் முதலில் தூர்வாரினால் அவர்கள் தண்ணீர் விரைவாக இறங்கி, தூர்வாராத கீழ் ஊரில் வந்து குவியும். மேல் ஊரில் ஒரு நாளில் வடியும், கீழ் ஊரில் பத்து நாள் நிற்கும். கடைசியில் கீழ் ஊர்க்காரர் மண் மூட்டை போட்டு அடைப்பார், மேல் ஊர்க்காரர் இரவில் வெட்டுவார். காவல் நிலையம் வரை போன தகராறுகள் பல இப்படித் தொடங்கியவைதான். ஒரே வடிகாலில் உள்ள மூன்று நான்கு ஊர்கள் சேர்ந்து, ஆற்றில் சேரும் வாயிலிருந்து மேல் நோக்கி வேலை செய்தால் செலவும் குறையும், பகையும் வராது. ஒரு ஊர் மட்டும் தனியாகப் போடும் திட்டம் பக்கத்து ஊருக்கு வெள்ளமாகத்தான் முடியும்.

கடைமடையில் இன்னொரு சிக்கல் உண்டு. வெண்ணாறு பிரிவில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு போன்றவை பாசனத்துக்கும் வடிகாலுக்கும் ஒரே ஆறுகள். மேலிருந்து பாசனத் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் ஆற்று மட்டம் உயர்ந்து, வயல் வடிகால் அதில் இறங்காது. ஆகவே கனமழை எச்சரிக்கை வந்த அன்றே, பயிருக்கு அவசரத் தேவை இல்லாவிட்டால், தலைப்பு மதகில் தண்ணீரைக் குறைக்கச் சொல்லி உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். மழை தொடங்கிய பிறகு கேட்பதில் பாதிப் பயன்தான், ஏனென்றால் ஏற்கெனவே ஆற்றில் உள்ள தண்ணீர் வந்து முடிய வேண்டும். தலைமடைக்காரர்களும் கேட்க வேண்டும். அவர்கள் வாய்க்காலை அடைக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் கடைமடைக்காரர் பயிரின் மேல் போய் நிற்கும்.

கடலோரத்தில் கடல் மட்டமும் ஒரு மதகுதான். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். மறுநாள் அதே ஏற்றம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் கட்டிய கடைசிக் கதவணைகளை வற்றம் வரும் நேரத்தில் திறந்து, ஏற்றம் வருமுன் அடைத்தால்தான் வடிகால் வேலை செய்யும். இதற்கு நேரம் பார்த்து நிற்க ஆள் வேண்டும். உங்கள் ஊர் மீனவர்களைக் கேளுங்கள், அவர்கள் கை விரலில் கணக்குச் சொல்வார்கள். முகத்துவாரத்தில் மணல் மேடு விழுந்திருக்கிறதா என்று புரட்டாசியிலேயே ஒருவர் போய்ப் பார்த்து வருவது நல்லது. மேடு இருந்தால், மேலே எவ்வளவு தூர்வாரினாலும் பயன் இல்லை.

யாரிடம், எப்போது கேட்பது

ஆறுகள், பெரிய வடிகால்கள், ஏ, பி பிரிவு வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. சி, டி பிரிவு சிறு வாய்க்கால்களை அண்மை ஆண்டுகளில் வேளாண் பொறியியல் துறை தூர்வாருகிறது. மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது இதில் அடங்கியிருக்கிறது. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு ஒரு பருவத்தைத் தின்றுவிடும்.

காலம் அதைவிட முக்கியம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் மே 1-லும் கிராம சபை கூடுகிறது. மார்ச் கூட்டத்தில் வடிகால் பட்டியலைத் தீர்மானமாகப் போட்டு, நகலைப் பொறியாளருக்குக் கொடுங்கள். தீர்மானத்தில் "எங்கள் ஊர் வடிகாலைத் தூர்வார வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் புல எண் முதல் எந்தப் புல எண் வரை, எத்தனை மீட்டர், எந்தக் குழாயை மாற்ற வேண்டும், அதன் மேல் எத்தனை ஏக்கர் வடிகிறது என்று எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கையும் சேருங்கள். எண் உள்ள மனுவைத் தள்ளிவைப்பது கடினம். தண்ணீர் திறக்குமுன் ஏப்ரல், மே மாதத்தில் வேலை முடிய வேண்டும். வெட்டிய மண்ணைக் கரை ஓரத்திலேயே குவித்தால் முதல் மழையில் மீண்டும் உள்ளே விழும், அதை அன்றே தள்ளிப் போடச் சொல்லுங்கள். நவம்பர் 1 கிராம சபையில் போடும் வடிகால் தீர்மானம் அந்த ஆண்டுப் பயிருக்கு உதவாது.

ஆகாயத்தாமரை மட்டும் கோடையில் எடுத்தால் போதாது. ஐப்பசிக்குள் மறுபடி பரவிவிடும். புரட்டாசி கடைசியில் ஊர் ஆட்களை வைத்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உள்ள ஊரில் இதற்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று சிறு தொகை பிரித்து வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

வடிகால் தாங்காத மழையும் வரும். அப்போது தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் கோடையிலேயே பேசி முடியுங்கள். தூர்ந்த குளம், தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு எது இருந்தாலும் பார்த்து, இரண்டு ஊரும் பொறியாளரும் ஒப்புக்கொண்டு எழுதி வையுங்கள். யாரும் தனியாகக் கரையை வெட்டக் கூடாது. அது சட்டப்படி குற்றம், அதோடு வெட்டிய வாய் எவ்வளவு பெரிதாகும் என்று வெட்டியவருக்கே தெரியாது. மணல் நிரப்பிய சாக்கு, சவுக்குக் கம்பு, டார்ச், கயிறு ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, அந்த வீட்டு எண்ணையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐயும் எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

பயிரையும் திட்டத்தில் சேருங்கள்

தாழ்வான வயலில் ஐப்பசிக் கடைசியில் நட்ட தாளடிதான் முதலில் போகும். ஒரு சாண் பயிர் ஒரு சாண் தண்ணீரில் முழுதாக மூழ்கும். அந்த வயல்களில் குறுவையை விட்டுவிட்டு, ஆவணியிலேயே நேரடி விதைப்பாகவோ நாற்று விட்டோ ஒரே சம்பா எடுத்தால், கார்த்திகை மழைக்குள் பயிர் உயர்ந்துவிடும். ஒரு போகம் குறைகிறதே என்று தோன்றும். கடந்த ஐந்து ஆண்டில் அந்த வயலில் தாளடி எத்தனை முறை வீடு வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நீண்ட கால ரகமான சி.ஆர். 1009 போடுபவர்கள் சி.ஆர். 1009 சப் 1 விதையைக் கேட்டு வாங்கலாம். முழுதாக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் தன்மை சேர்த்த ரகம் இது. ஆனால் அந்தத் தன்மை தூர்கட்டும் பருவத்தில்தான் உதவும். பூக்கும் பருவத்தில் மூழ்கினாலும், முழங்கால் தண்ணீர் மாதக் கணக்கில் நின்றாலும் இது காப்பாற்றாது. ரகம் வந்துவிட்டது என்று வடிகாலை விட்டுவிட வேண்டாம். மேட்டு நிலம் உள்ள ஒருவர் வயலில் ஊருக்குப் பொதுவாகக் கொஞ்சம் நாற்று கூடுதலாக விட்டு வைத்தால் பாடுவாசி நிரப்ப உதவும்.

பயிர்க் காப்பீட்டை மழை தொடங்குமுன் செய்துவிடுங்கள். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். புயல் சின்னம் உருவான பிறகு பொதுச் சேவை மையத்தில் வரிசையில் நின்றால் சர்வர் கூட வேலை செய்யாது. அடங்கலில் உள்ள புல எண்ணும் பரப்பும் விண்ணப்பத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். அரசு நிவாரணம் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிருக்கு. இதற்கு வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுப்பார்கள். அவர்கள் வருவதற்குள் தண்ணீர் வடிந்து பயிர் நிமிர்ந்து நிற்கலாம். ஆகவே மூழ்கிய அன்றே, வரப்பும் அடையாளமான மரமோ மின்கம்பமோ தெரியும்படி, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

தண்ணீர் வடிந்த உடனே யூரியாவை வீசாதீர்கள். நின்ற தண்ணீரில் போட்டால் அது அடுத்த ஊருக்குத்தான் போகும். வயலில் தண்ணீர் முழுதாக வடிந்து, புது வேர் விட்டதைப் பார்த்த பிறகு, ஏக்கருக்கு 22 கிலோ யூரியாவுடன் 18 கிலோ ஜிப்சமும் 4 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து ஒரு இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். பயிர் மஞ்சளாக நின்றால் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலை வழியாகத் தெளிக்கலாம். அதே வாரத்தில், வடிகாலில் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்தக் குழாயின் மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது, கீழ்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் தீர்மானத்தில் முதல் வரியாக எழுத வேண்டியது அந்தக் குழாயைத்தான்.